நாட்டுக்கோழிக்கு நிற வரிசை பழக்குவது: கடைசி நிறத்தை விட்டு நகர மாட்டேங்குது

நாஞ்சில்_விலங்கியல் கேட்டது:

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் இளநிலை விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். செய்முறைத் திட்டத்துக்கு ‘கோழியின் வரிசை நினைவு’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறேன். ஒரு வயது தாண்டிய நாட்டுக்கோழி, பெட்டை. பலகையில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று வட்டங்கள், இடமிருந்து வலமாக அதே வரிசையில் ஒட்டியிருக்கிறேன். அந்த வரிசையில் கொத்தினால் தீனி.

பின்னாலிருந்து பழக்குவதுதான் நல்லது என்று படித்ததால், முதலில் நீலம் மட்டும், அப்புறம் மஞ்சள், நீலம், அப்புறம் மூன்றும் என்று திட்டம். நீலம் சீக்கிரமே வந்துவிட்டது. மஞ்சளுக்குப் போனதும் நின்றுபோனது. பலகையைக் காட்டிய உடனே நேராக நீலத்தைக் கொத்துகிறது. தீனி வரவில்லை என்றால் இன்னும் வேகமாகக் கொத்துகிறது. பிறகு தரையைக் கிளறத் தொடங்கிவிடுகிறது. எப்போதாவது மஞ்சளைத் தொட்டுவிட்டு நீலத்துக்குப் போகிறது. அது படித்து வந்ததா, தற்செயலா என்று தெரியவில்லை.

முறையில் கோளாறா, கோழியால் முடியாதா? மூன்றையும் சரியாகக் கொத்திவிட்டால் ‘வரிசையை நினைவில் வைத்திருக்கிறது’ என்று எழுதலாமா? எத்தனைக்கு எத்தனை சரியாக இருந்தால் கற்றுவிட்டது என்று சொல்லலாம்?

---

தக்கலை_கோழிப்பண்ணை:

தம்பி, கோழியால முடியும். கோளாறு பலகையில இருக்கு.

பின்னாலிருந்து பழக்குறது நல்ல முறைதான். ஆனா அதுக்கு ஒரு நிபந்தனை உண்டு: முந்தின படி முடியாம அடுத்த படி அலகுக்கு எட்டக் கூடாது. திண்டு மேல ஏறு, குழாய்க்குள்ள நுழைஞ்சு வா, மணியைக் கொத்து என்று பழக்குறோம்னு வைங்க. மணி குழாய்க்கு அந்தப் பக்கம் இருக்கு, கோழியால தாண்டிக் குதிக்க முடியாது. அங்க இந்த முறை அழகா வேலை செய்யும். உங்க பலகையில மூணு வட்டமும் ஒரே நேரத்துல கண்ணுக்கு முன்னால நிக்குது. நீலத்துக்குப் பிறகுதான் எப்பவும் தீனி வந்திருக்கு, அதுவும் அதிக நாள் வந்திருக்கு. பக்கத்துலயே நீலம் இருக்கும்போது அது எதுக்கு மஞ்சளுக்குப் போகணும்?

தீனி நின்னதும் வேகமா கொத்துறது அடம் இல்ல. கூலி கிடைச்சுட்டு இருந்த செயலுக்குக் கூலி நின்னா, பல நேரம் முதல்ல வேகம் கூடும், பிறகுதான் குறையும். பல விலங்குகள்லயும் இது உண்டு. கிளறுறதுக்கும் காரணம் உண்டு. தீனிக்காகக் காத்திருக்கிற கோழி கிளறும், அது பிறவிப் பழக்கம். அமெரிக்காவில கெல்லர் பிரெலண்டும் மரியன் பிரெலண்டும் 1961ல இதை எழுதியிருக்காங்க. மேடையில சும்மா நிக்கணும்னு பழக்கின கோழிகள் கிளற ஆரம்பிச்சதும், வேற வழியில்லாம அதையே ‘ஆடும் கோழி’ என்று காட்சியாக்கிட்டாங்க. உங்க கோழி கிளறுதுன்னா, தீனிக்கும் தீனிக்கும் நடுவுல இடைவெளி நீண்டுபோச்சு, படி பெருசாயிட்டு என்று அர்த்தம்.

எல்லா வட்டமும் ஒரே நேரத்துல தெரியிற வேலைக்கு முன்னாலிருந்து போங்க. செய்ய வேண்டியது இது:

முதல்ல பலகையை மாத்துங்க. வட்டத்தை ஒட்டாதீங்க. சாம்பல் நிறம் அடிச்ச ஒட்டுப்பலகை, கோழி நெஞ்சு உயரத்துல மூணு ஆணி, அதுல மாட்டி எடுக்கிற மாதிரி 4 செ.மீ. வட்டங்கள், நடுவுக்கு நடு 10 செ.மீ. இடைவெளி. பளபளப்பு பெயின்ட் வேண்டாம். காலை வெயில் சாய்ஞ்சு அடிச்சா பளபளப்பில நிறம் தெரியாது. கோழிக்கு நிறம் பார்க்கிற கூம்பு செல் நம்மளைவிட ஒரு வகை கூடுதல், புற ஊதாவும் தெரியும். நமக்கு ஒரே சிவப்பா தெரியிற ரெண்டு பெயின்ட் அதுக்கு வேற வேற நிறமா தெரியலாம். அதனால ஒரே டப்பாவில அடிச்ச வட்டங்களையே கடைசி வரை வைங்க. கீறல் விழுந்தா அந்தக் கீறலே அடையாளம் ஆயிரும். ஒவ்வொரு நிறத்துக்கும் நாலஞ்சு வட்டம் செய்து மாத்தி மாத்திப் போடுங்க.

வட்டங்களோட இடம் ஒவ்வொரு முறையும் மாறணும். இதுதான் ரொம்ப முக்கியம். இப்ப இருக்கிற மாதிரி சிவப்பு எப்பவும் இடது, நீலம் எப்பவும் வலது என்று இருந்தா, கோழி படிக்கிறது ‘இடமிருந்து வலம் நடந்துகொண்டே கொத்து’ என்கிறதை. அங்க நிறமே தேவையில்ல. மூணு வட்டத்துக்கு ஆறு அமைப்பு உண்டு. முந்தின நாளே சீட்டுக் குலுக்கி எழுதி வைங்க. ஒரே அமைப்பு தொடர்ந்து ரெண்டு தடவைக்கு மேல வராம பார்த்துக்கிடணும்.

தீனி: உடைச்ச மக்காச்சோளம், இல்லேன்னா கம்பு. ஒரு முறைக்கு நாலு மணி போதும். தரையில வீசாதீங்க. வீசினா தேடுறதிலேயும் கிளறுறதிலேயும் நேரம் போகும். சின்னக் கிண்ணத்தை மூணு வினாடி காட்டி எடுங்க. சரியா கொத்தின அந்த நொடியில ‘டக்’ என்று ஒரு சத்தம் வேணும். அழுத்துற பேனாவே போதும். அந்தச் சத்தம் வந்தா தீனி வரும் என்கிறதை முதல்ல தனியா, பலகையே இல்லாம, 20, 30 தடவை பழக்குங்க. சத்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவுல ஒரு வினாடிக்கு மேல ஆகக் கூடாது.

பட்டினி போடாதீங்க. தேவையும் இல்ல, தப்பும்கூட. கோழி இருட்டில தின்னாது. விடிஞ்சதும் பஞ்சாரத்தைத் திறக்கிறதுக்கு முன்னாலயே வேலையை முடிச்சா பசி தானா இருக்கும். கழுத்தடியில தீனிப்பையைத் தொட்டுப் பாருங்க. புடைச்சிருந்தா அன்னைக்கு வேலை நடக்காது. 25 முறையோட நிறுத்திருங்க. அதுக்கு ஆகிற தீனி கைப்பிடிகூட வராது. மீதியை அப்புறம் வழக்கம்போலப் போடுங்க. அடைக்கு இருக்கிற கோழி, இறகு உதிர்க்கிற கோழி இதுக்கு ஆகாது. மேல பருந்து வட்டமிட்டாலோ காக்கை ஒரு மாதிரி கத்தினாலோ அஞ்சு பத்து நிமிஷம் உறைஞ்சு நிக்கும். அந்த முறைகளைக் கணக்கில சேர்க்காதீங்க. கல்லூரி வேலை என்கிறதால துறையில விலங்கு நெறிமுறை அனுமதி எழுத்தில வாங்கிருங்க. வாய்ச்சொல் போதாது.

இனி படிகள். சிவப்பு மட்டும் பலகையில, இடம் மாத்தி மாத்தி, கொத்தினா தீனி. 10க்கு 9 ஆனதும் சிவப்பு, மஞ்சள் ரெண்டும். சிவப்பைக் கொத்தினா ஒண்ணும் நடக்காது, சத்தம்கூடக் கிடையாது. பிறகு மஞ்சளைக் கொத்தினா சத்தம், தீனி. மஞ்சளை முதல்ல கொத்தினா ஒரு அட்டையால பலகையை 5 வினாடி மறைச்சு, அடுத்த அமைப்புக்குப் போங்க. திட்டவோ விரட்டவோ வேண்டாம். ரெண்டு நாள் தொடர்ந்து 80 சதவீதம் வந்தா நீலத்தைச் சேருங்க. சேர்த்த அன்னைக்கு சதவீதம் விழத்தான் செய்யும். 50க்குக் கீழே ரெண்டு நாள் கிடந்தா ஒரு படி இறங்குங்க. ஒரே வட்டத்தைத் தொடர்ந்து ரெண்டு மூணு தடவை கொத்துறது பிழை இல்ல, கோழி கொத்துறதே அப்படித்தான். முன்னால தாண்டிக் கொத்துறதும் பின்னால திரும்பிப் போறதும் பிழை. இந்த விதியை முதல் நாளே எழுதி வைங்க, பாதியில மாத்தாதீங்க.

உங்க கோழிக்கு நீலத்துல ஏற்கனவே ஊறிப்போச்சு. அதே கோழி வேணும்னா நீலத்தை முதல் நிறமா வைச்சு வரிசையையே மாத்துங்க. அது இருக்கிற இடத்திலிருந்து தொடங்கினா பாதி வேலை மிச்சம்.

---

அஞ்சுகிராமம்_ஆய்வகம்:

தக்கலைக்காரர் பழக்கும் முறையை முழுதாகச் சொல்லிவிட்டார். இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் தலைப்பு அங்கேதான் சிக்குகிறது.

கோழி மூன்று நிறத்தையும் இடம் மாற்றிவைத்த பிறகும் சரியாகக் கொத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் தலைக்குள் இருப்பது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ஒன்று சங்கிலி: சிவப்பைக் கொத்தி முடித்தது மஞ்சளுக்கான தூண்டல், மஞ்சளைக் கொத்தியது நீலத்துக்கான தூண்டல். மற்றது பட்டியல்: எந்த நிறம் எத்தனையாவது என்ற இட அறிவு. நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை பஸ்ஸில் போகிறவருக்கு வில்லுக்குறி வந்தால் அடுத்தது தக்கலை என்று தெரியும். அது சங்கிலி. பஸ்ஸில் ஏறாமலே ‘சுங்கான்கடை முதலா, அழகியமண்டபம் முதலா’ என்று கேட்டதும் சொல்ல முடிந்தால் அது பட்டியல்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. முழு வரிசை பழகிய பிறகு அதிலிருந்து இரண்டு உருப்படிகளை மட்டும் காட்டுவது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் டெரஸ் குழு புறாக்களுக்கு நான்கு நிறம் பழக்கி இப்படிச் சோதித்தது. முடிவு 1981ல் வெளிவந்தது. நான்கையும் க, ங, ச, ஞ என்று வையுங்கள். முதல் நிறமோ கடைசி நிறமோ உள்ள இணைகளில் புறாக்கள் சரியாகச் செய்தன. நடுவிலுள்ள ‘ங, ச’ இணையில் மட்டும் தடுமாறின. ஆக அவை வைத்திருந்தது இரண்டே விதி: முதல் நிறம் தெரிந்தால் அதிலிருந்து தொடங்கு, கடைசி நிறத்தைக் கடைசியில் கொத்து. டமாட்டோவும் கொலம்போவும் 1988ல் கபுச்சின் குரங்குகளுக்கு ஐந்து உருப்படிகள் பழக்கிச் சோதித்தபோது அவை நடு இணைகளிலும் தேறின. அதைவிடச் சுவையானது அவை எடுத்த நேரம். இணையின் முதல் உருப்படி பட்டியலில் எவ்வளவு பின்னால் இருந்ததோ, அதைத் தொடுவதற்கு அவ்வளவு கூடுதல் நேரம் எடுத்தன. தலைக்குள் பட்டியலை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கிற விலங்கு அப்படித்தான் நேரம் எடுக்கும்.

இப்போது உங்கள் மூன்று நிறத்துக்கு வருவோம். அதில் உள்ள இணைகள் மூன்று: சிவப்பு மஞ்சள், சிவப்பு நீலம், மஞ்சள் நீலம். மூன்றிலுமே முதல் நிறமோ கடைசி நிறமோ இருக்கிறது! எந்தச் சோதனை வைத்தாலும் ‘முதலில் சிவப்பு, கடைசியில் நீலம்’ என்ற இரண்டு விதியால் தப்பித்துவிடலாம். மூன்று நிறத்தை வைத்து வரிசை நினைவைப் பற்றி எதையும் சொல்லவே முடியாது. குறைந்தது நான்கு வேண்டும். நான்காவதாக வெள்ளையை எடுங்கள். பச்சை வேண்டாம், மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவில் போய்க் குழப்பும்.

எண்ணிக்கைக்கு: மூன்று நிறத்தை ஒரு நிறத்துக்கு ஒரு முறை என்று கண்ணை மூடிக் கொத்தினாலே ஆறில் ஒரு முறை சரியாக வரும். 20 முறையில் மூன்று நான்கு தானாகவே சரியாகும். 20க்கு 8 அல்லது அதற்கு மேல் தற்செயலாக வர வாய்ப்பு சுமார் நூற்றில் ஒன்று, 7 அல்லது அதற்கு மேல் என்றால் நூற்றில் நான்குக்குச் சற்றுக் குறைவு. நான்கு நிறமானால் தற்செயல் 24ல் ஒன்றாகச் சுருங்குகிறது, அதனால் கணக்கும் உங்களுக்குச் சாதகம். ஆனால் ‘தற்செயல் இல்லை’ என்பது வேறு, ‘கற்றுவிட்டது’ என்பது வேறு. இரண்டாவதற்கு 80 சதவீதமே சரியான கோடு.

---

ரப்பர்_விளை:

எல்லாம் சரி மக்கா. எங்க ஊர்ல மாடு காலையில குளத்தங்கரை போயி, அங்கேருந்து விளைக்குப் போயி, சாயங்காலம் ஆளே இல்லாம வீட்டுக்கு வருது. நாலு இடம், நாலு திருப்பம், ஒண்ணும் மாறாது. அதுக்கு வரிசை நினைவு இல்லேன்னா வேற என்னது? புறாவையும் குரங்கையும் விடுங்க. அப்புறம் அந்த சிம்பன்சி வீடியோ ஒண்ணு எல்லாரும் பார்த்ததுதானே, ஒரு நொடி காட்டின எண்ணை எல்லாம் வரிசையா தொடுது. நம்மளால அது முடியாது.

---

அஞ்சுகிராமம்_ஆய்வகம்:

மாடு செய்வது சங்கிலிக்கு நல்ல உதாரணம் அண்ணே. குளத்தங்கரையில் நிற்கும்போது கண்ணுக்குத் தெரிகிற பனையும் மேடும் அடுத்த திருப்பத்தைச் சொல்லிவிடுகின்றன. அங்கே போனதும் அங்குள்ள அடையாளம் அதற்கடுத்ததைச் சொல்கிறது. முழு வழியையும் தலையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய தேவையே மாட்டுக்கு இல்லை. நடுவில் ஒரு அடையாளம் போனால் தெரியும். நாலுவழிச் சாலைக்காக மண் கொட்டி மரத்தை வெட்டிய இடத்தில் மாடு தயங்கி நிற்கிறதா, அடுத்த அடையாளம் கண்ணில் பட்டதும் மறுபடி நடக்கிறதா என்று பார்த்தால் போதும். சங்கிலி என்றால் மட்டம் என்று நான் சொல்லவில்லை. காட்டில் பிழைக்கச் சங்கிலி போதும், பெரும்பாலும் அதுதான் சிக்கனமும்கூட.

சிம்பன்சியின் பெயர் அயுமு. ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் இனோவேயும் மத்சுசாவாவும் 2007ல் வெளியிட்டது. அந்தச் சோதனையில் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் திரையில் தோன்றி, மிகக் குறுகிய அளவில் 0.21 வினாடியில் மறைகின்றன. ஒன்றுக்குப் பின் இரண்டு என்ற வரிசையை அயுமு அதற்கு முன்பே நீண்ட பயிற்சியில் கற்றிருந்தது. அந்த நொடியில் அது பிடித்துவைத்தது எந்த எண் எந்த இடத்தில் என்ற படத்தை. பெரிய திறமைதான். ஆனால் பார்த்த வரிசையை நினைவில் வைப்பது அல்ல. நம்மால் முடியாது என்பதும் முழுச் சரியில்லை. போதுமான பயிற்சி கொடுத்தபோது மனிதர்களும் அந்த அளவுக்கு வந்திருக்கிறார்கள்.

பார்த்த வரிசை என்பது வேறு வகைச் சோதனை. விளக்கு எரிந்து பிறகு மணி அடித்தால் ஒரு பதில், மணி அடித்து பிறகு விளக்கு எரிந்தால் வேறு பதில். மனிதருக்கு இது ஒரு விஷயமே இல்லை. கிர்லாண்டா, லிண்ட், என்குவிஸ்ட் மூவரும் 2017ல் பல பறவை, பாலூட்டி இனங்களின் சோதனை முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, இத்தகைய வேறுபாட்டை விலங்குகள் மிக மெதுவாகத்தான் கற்கின்றன என்று காட்டினார்கள். எது முதலில் வந்தது என்று பதிவு செய்வதற்குப் பதிலாக, ஒவ்வொன்றின் சுவடும் தனித்தனியே மங்கிக்கொண்டு போகிறது, கடைசியாக வந்தது மட்டும் பளிச்சென்று இருக்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

எல்லாரும் இதை அப்படியே ஏற்கவில்லை. ஃபார்ட்டின், ஆக்ஸ்டர், ஐகன்பாம் மூவரும் 2002ல் எலிகளுக்கு ஐந்து வாசனைகளை மணல் கிண்ணங்களில் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்து, பிறகு இரண்டை மட்டும் வைத்து, முதலில் வந்ததைத் தேர்ந்தால் தீனி என்றார்கள். எலிகள் தேறின. மூளையில் ஹிப்போகாம்பஸ் பகுதி சேதமான எலிகளோ வரிசையில் தோற்றன. ஆனால் ‘இந்த வாசனை முன்பு வந்ததா’ என்ற கேள்வியில் தோற்கவில்லை. வெறும் மங்கல் அளவை வைத்தே எலி வரிசையைச் சொல்லியிருந்தால் இரண்டும் சேர்ந்தல்லவா கெட்டிருக்க வேண்டும்? எனக்கு இந்த வாதம் வலுவாகவே படுகிறது.

தம்பியின் கோழி இந்தச் சண்டைக்குள் வராது. அது செய்யப்போவது வரிசையாகச் செய்வது, வரிசையைப் பார்த்து நினைவில் வைப்பது அல்ல. தலைப்பிலிருந்து ‘நினைவு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘நாட்டுக்கோழியில் நிற வரிசைக் கொத்தல்: சங்கிலியா, பட்டியலா’ என்று மாற்றினால் தேர்வாளர் கேட்கிற கேள்விக்குப் பதில் கையில் இருக்கும்.

---

நாஞ்சில்_விலங்கியல்:

ரொம்ப நன்றி அண்ணே. நான்கு நிறமாக மாற்றிவிடுகிறேன், நீலத்திலிருந்து தொடங்கி. இரண்டு சந்தேகம். இணைகளைச் சோதிக்கும்போது தீனி கொடுத்தால் அதிலேயே கற்றுக்கொள்ளாதா? நான் எதிரில் நிற்பதைப் பார்த்துக் கோழி ஊகிக்க வழியுண்டா?

---

தக்கலை_கோழிப்பண்ணை:

ஊகிக்கும், ஊகிக்கும். பெர்லின்ல ஹான்ஸ் என்கிற குதிரை கணக்குப் போடுதுன்னு ஊரே நம்பிச்சு. கேட்கிறவர் தலை அசைவைப் பார்த்துத்தான் குளம்பை நிறுத்துதுன்னு 1907ல ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் காட்டினார். கோழிக்குக் கண் பக்கவாட்டுல, உங்க கை கிண்ணத்துப் பக்கம் நகர்றதே போதும். பலகைக்குப் பின்னால அட்டைத் தடுப்பு வைச்சு, கிண்ணத்தைக் கீழ ஒரு துளை வழியா தள்ளுங்க. கோழியை ஃபோன் திரையில பாருங்க. சோதனை நாள்ல வரிசை தெரியாத கூட்டாளியைக் கிண்ணத்துல உட்கார வைங்க. அவருக்குச் சொல்ல வேண்டியது ‘ரெண்டு வட்டம் கொத்தினதும் கிண்ணத்தைக் காட்டு’ என்கிறது மட்டும்.

முதல் சந்தேகத்துக்கும் அதுதான் பதில். இணை முறைகள்ல சரி, தப்பு பார்க்காம, ரெண்டையும் கொத்தினதும் தீனி. எப்படிக் கொத்தினாலும் கிடைக்கிறதால அதிலிருந்து வரிசையைப் படிக்க வழியில்ல. அஞ்சு முறைக்கு ஒண்ணுதான் இணை, மத்த நாலும் வழக்கமான முழு வரிசை, வழக்கமான விதி. அதுக்கு மேல இணையை நுழைச்சா, எப்படிக் கொத்தினாலும் தீனி வரும்னு புரிஞ்சு முழு வரிசையே கெட்டுப்போகும். முழு வரிசை 80க்குக் கீழ இறங்கின நாள்ல இணை முறையே வைக்காதீங்க.

---

அஞ்சுகிராமம்_ஆய்வகம்:

நான்கு நிறத்துக்கு இணை ஆறு. உங்களுக்கு உயிரானது நடு இணை ஒன்றுதான், அதற்கு மட்டும் 20 முறையாவது சேருங்கள். இடதும் வலதும் பாதிப் பாதி. தற்செயல் இங்கே இரண்டில் ஒன்று, 20க்கு 15 வந்தால் தற்செயல் வாய்ப்பு நூற்றில் இரண்டு. 12, 13 வந்தால் ‘நடு இணையில் தேறவில்லை’ என்றே எழுதுங்கள். புறாவுக்கு வந்த அதே முடிவுதான் அது, திட்டம் தோற்றதாக ஆகாது.

நேரத்தையும் எடுங்கள். ஃபோன் காணொளி வினாடிக்கு 30 படம் என்றால் ஒரு படம் 33 மில்லி வினாடி. மறைப்பு அட்டை முழுதாக விலகிய படத்திலிருந்து முதல் கொத்து தொடும் படம் வரை எண்ணிப் பெருக்கினால் போதும். சராசரி எடுக்காதீர்கள், ஒரு முறை கோழி அலகைத் துடைத்துக்கொண்டு நின்றாலே சராசரி கெட்டுவிடும். இடைநிலை அளவை, அதாவது நேரங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் வருவதை, எடுங்கள். முதல் நிறம் உள்ள மூன்று இணைகள், இரண்டாம் நிறத்தில் தொடங்கும் இரண்டு, மூன்றாம் நிறத்தில் தொடங்கும் ஒன்று என்று பிரித்துவைத்துப் பாருங்கள். அலகு எந்த ஆணிக்கு அருகில் இருந்தபோது அட்டை விலகியது என்பதையும் ஒரு பத்தியில் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பக்கத்தில் நின்றதால் குறைந்த நேரத்தை நிறத்தால் குறைந்ததாகப் படித்துவிடுவீர்கள்.